அறுபது பதில்களை ஓரமாக வையுங்கள்

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அமெரிக்காவில் மூன்று பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். போன வாரம் அவற்றில் ஒன்றில் படித்த முன்னாள் மாணவர் ஒருவர் பாஸ்டனிலிருந்து மெயில் அனுப்பினார். அடுத்த சனிக்கிழமை இரவு 8 மணிக்கு சேர்க்கை இன்டர்வியூவுக்காக ஜூமில் 45 நிமிடம் பேசலாமா என்று கேட்கிறார். இன்னும் பதில் போடவில்லை. அன்று சாயங்காலம் அவள் அப்பா கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவதாகச் சொல்கிறார். யூடியூபிலிருந்து அறுபது கேள்வி பதில்களை எடுத்து அவள் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். ஆங்கிலம் எழுதுவாள், பேசும்போது தடுமாறுவாள். எங்கள் பகுதியில் 11 கிணறுகளின் தண்ணீரை மாதாமாதம் டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கருவி) அளந்து குறித்து வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை கடையில் பில் போடுவாள், அதையெல்லாம் சொல்லக்கூடாதுதானே? கோயம்புத்தூரில் ஒரு கன்சல்டன்சியில் பயிற்சிக்கு 25,000 ரூபாய் கேட்கிறார்கள். அந்த முன்னாள் மாணவருக்கு எங்கள் ஊர் பெட்ஷீட் ஒரு செட் அனுப்பலாமா? மற்ற இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வரவில்லையே, பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், கரூர்

பதில்: முதலில் கடிகாரத்தைப் பார்த்துவிடுவோம். பாஸ்டனில் சனிக்கிழமை இரவு 8 மணி என்றால் நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை 6:30. நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை பாஸ்டன், நியூயார்க் பக்கம் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். மற்ற மாதங்களில் ஒன்பதரை. கலிபோர்னியாக்காரர் கூப்பிட்டால் இப்போது, மார்கழியில், பதின்மூன்றரை. நீங்கள் சனிக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுக் காத்திருந்தால், பாஸ்டனில் அவர் அப்போதுதான் காலைக் காபி குடித்துக்கொண்டிருப்பார். மறுநாள் விடியற்காலை அவர் ஜூமில் தனியாக உட்கார்ந்திருப்பார், உங்கள் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். இப்படி நேரக் குழப்பத்தில் இன்டர்வியூவைத் தவறவிடுவது எளிது.

பதில் இன்றே போகட்டும். அவர் உங்கள் நேரத்தைச் சொன்னாரா, தன் நேரத்தைச் சொன்னாரா என்று ஊகிக்க வேண்டாம். மெயிலில் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்: ‘பாஸ்டனில் சனி இரவு 8 மணி, இந்தியாவில் ஞாயிறு காலை 6:30, சரிதானே?’ மொத்தமே ஐந்து வரி போதும். நன்றி, நேரம், ஜூம் லிங்க் அனுப்பும்படி ஒரு வேண்டுகோள், அவசரத்துக்கு ஒரு போன் நம்பர், பெயர். ஒரு வாரம் தாமதமானதற்கு ஒரு வரி வருத்தம் சொன்னால் போதும், காரணங்கள் வேண்டாம். மெயிலை மகளே எழுதட்டும், விண்ணப்பத்தில் கொடுத்த அதே ஐடியிலிருந்து. ‘ரெஸ்பெக்டட் சார்’, ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ போன்ற நம் ஆபீஸ் ஆங்கிலம் அங்கே விநோதமாகத் தெரியும். ‘டியர்’ போட்டு, மிஸ்டர் அல்லது மிஸ், அவருடைய கடைசிப் பெயர், அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்துக்காக இன்டர்வியூ செய்யும் இந்த முன்னாள் மாணவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பகலில் தங்கள் வேலைக்குப் போய்விட்டு இரவிலோ வார இறுதியிலோ இதைச் செய்கிறார்கள். ஒவ்வொருவர் பட்டியலிலும் பல மாணவர்கள் இருப்பார்கள். மெயில் போட்டும் பதில் வராவிட்டால் ‘தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அந்த மெயில்கள் ஸ்பேம் பெட்டியில் விழுவதும் உண்டு. எனவே மார்ச் வரை ஸ்பேமையும் தினம் ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.

வந்த மெயில் உண்மையானதா என்பதையும் பார்த்துவிடுங்கள். தொண்டர்கள் சொந்த ஜிமெயிலிலிருந்து எழுதுவது சகஜம், அதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் போர்ட்டலிலோ சேர்க்கை அலுவலகத்தின் மெயிலிலோ இன்டர்வியூ பற்றி ஒரு தகவல் வந்திருக்கும். வராவிட்டால் சேர்க்கை அலுவலகத்துக்கு அவர் பெயரைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதிக் கேட்கலாம், தவறாக நினைக்க மாட்டார்கள். இன்டர்வியூவுக்குக் கட்டணம் கிடையாது. பணமோ பாஸ்போர்ட் நகலோ வங்கி விவரமோ கேட்டால் அது மோசடி.

மற்ற இரண்டு அழைப்புகள் வராததில் அர்த்தம் தேடாதீர்கள். எல்லா ஊருக்கும் போதுமான தொண்டர்கள் கிடையாது. எம்ஐடியில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) ஆள் கிடைக்காவிட்டால் இன்டர்வியூ தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள், அதனால் விண்ணப்பத்துக்குக் குறை வராது. யேல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில், விண்ணப்பக் கோப்பைப் படித்தபின் இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றும் மாணவர்களுக்கு முன்னுரிமை தருகிறார்கள். பிரவுன் பல்கலைக்கழகம் முன்னாள் மாணவர் இன்டர்வியூவையே நிறுத்திவிட்டு, மாணவர் விரும்பினால் அனுப்பும் ஒரு சிறு வீடியோவை ஏற்றுக்கொள்கிறது.

இனி அந்த அறுபது பதில்கள்.

நம் வீடுகளில் அமெரிக்க இன்டர்வியூ என்றாலே சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் விசா கண்ணாடிக் கூண்டுதான் நினைவுக்கு வருகிறது. அங்கே நடப்பது சில நிமிடச் சோதனை. எங்கே படிக்கப் போகிறாய், யார் பணம் கட்டுகிறார், திரும்பி வருவாயா. சரியான பதில் என்று ஒன்று அங்கே இருக்கிறது. அதற்கு மனப்பாடம் ஓரளவு உதவும். காலேஜ் பிளேஸ்மெண்ட் இன்டர்வியூவும் கிட்டத்தட்ட அப்படியே. முன்னாள் மாணவருடன் பேசுவது இந்த இரண்டிலும் சேராது. அவர் உங்கள் மகளைத் தேர்ந்தெடுக்கப்போவதில்லை. அவளுடைய மார்க், எஸ்ஏடி நுழைவுத் தேர்வு மதிப்பெண், கட்டுரைகள் எதுவும் பெரும்பாலும் அவர் கண்ணில் பட்டிருக்காது. பெயர், பள்ளி, மெயில், சில சமயம் படிக்க விரும்பும் துறை, இவ்வளவுதான் அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். மார்க் என்ன, வேறெங்கே விண்ணப்பித்தாய் என்று கேட்க வேண்டாம் என்றே பல இடங்களில் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

பேசி முடித்தபின் அவருடைய வேலை ஒரு அறிக்கை எழுதுவது. ஏறக்குறைய ஒரு பக்கம். சில இடங்களில் மதிப்பீட்டு எண்ணும் போட வேண்டும். மாணவர் சேர்க்கையில் ஆசிய அமெரிக்கர்களுக்குப் பாகுபாடு காட்டுவதாகத் தொடுத்து, 2018-இல் பாஸ்டனில் விசாரணைக்கு வந்த ஹார்வர்டு வழக்கில் அந்தப் பல்கலைக்கழகத்தின் முறை வெளியே தெரியவந்தது. அங்கே முன்னாள் மாணவரும் படிப்பு, பாடத்துக்கு வெளியே உள்ள ஈடுபாடு, ஆளுமை, ஒட்டுமொத்தம் என்று தனித்தனியாக மதிப்பிடுகிறார். அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் எடுத்துக்காட்டிய ஒரு விஷயம் நமக்குச் சுவாரசியமானது. ஆசிய அமெரிக்க மாணவர்களுக்குச் சேர்க்கை அலுவலர்கள், கோப்பைப் படித்து, ஆளுமையில் குறைவாகப் போட்டிருந்தார்கள் என்பது அவர்களுடைய வாதம். அதே மாணவர்களை நேரில் சந்தித்த முன்னாள் மாணவர்களோ வெள்ளை மாணவர்களுக்குக் கிட்டத்தட்ட இணையாகவே போட்டிருந்தார்களாம். அந்த வழக்கின் சட்டச் சண்டை வேறு, அதற்குள் போக வேண்டாம். ஆளைப் பார்த்துப் பேசுவது கோப்பில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறது என்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது.

ஆக, 45 நிமிடம் முடிந்து லேப்டாப்பை மூடியபின் அவர் எழுத உட்காரும்போது கையில் என்ன இருக்கும்? மனப்பாடப் பதில் கேட்டவர் ‘நன்றாகப் பேசினாள், தன்னம்பிக்கை உள்ளவள், கடின உழைப்பாளி’ என்று எழுதுவார். அப்படிப்பட்ட அறிக்கைகள் கட்டுக்கட்டாக வருகின்றன, யாருக்கும் பயன் இல்லை. அவர் எழுதுவதற்குப் பொருள் கொடுப்பதுதான் தயாரிப்பு.

கிணற்று வேலையையே எடுத்துக்கொள்வோம். ‘பாடத்துக்கு வெளியே என்ன செய்கிறாய்’ என்றால் யூடியூப் பாணிப் பதில் இப்படி இருக்கும்: ‘எங்கள் பகுதியில் நீர் மாசு பற்றி ஒரு பிராஜெக்ட் செய்தோம். மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்தினோம். இதிலிருந்து தலைமைப் பண்பும் குழு மனப்பான்மையும் கற்றுக்கொண்டேன்.’ இதில் கரூர் இல்லை, கிணறு இல்லை, உங்கள் மகளும் இல்லை. எந்த நாட்டு மாணவரும் எந்தப் பிராஜெக்டைப் பற்றியும் இதையே சொல்லிவிடலாம்.

இப்போது இதைப் பாருங்கள்: ‘எங்கள் ஊரில் அமராவதி ஆற்றங்கரையில் சாயப்பட்டறைகள் இருந்தன. பாட்டி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. ஏன் என்று பார்க்க ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன். 11 கிணறு, மாதம் ஒருமுறை. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தரக் கணக்கு. முதல் மூன்று மாத அளவுகளைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று, மீட்டரை அளவு தெரிந்த கரைசலில் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. மழைக்குப் பிறகு எல்லாக் கிணற்றிலும் உப்பு குறையும் என்று நினைத்தேன். ஒன்றில் மட்டும் கூடியது. மண்ணில் தங்கியிருந்த உப்பு கரைந்து இறங்கியதோ என்று சந்தேகிக்கிறேன், உறுதியாகத் தெரியவில்லை.’

பாட்டி வீட்டுக் கதையும் மீட்டர் விவரமும் மழை விவரமும் நான் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் மகளின் நோட்டில் உண்மையில் என்ன நடந்ததோ அதைத்தான் அவள் சொல்ல வேண்டும். ஆனால் வித்தியாசம் தெரிகிறதா? இரண்டாவது பதிலைக் கேட்டவர் அடுத்த கேள்வியைத் தேட வேண்டியதே இல்லை. ‘அந்த ஒரு கிணறு எங்கே இருக்கிறது?’ என்று அவரே கேட்பார். பேச்சு அங்கிருந்து தானாக ஓடும். ‘தெரியவில்லை’ என்று ஒரு மாணவி சொல்லும் இடம்தான் அறிக்கையில் நல்ல வரியாகப் போய் உட்காரும். நம் பிள்ளைகளுக்கு அது தோல்வி என்று கற்றுக்கொடுத்திருக்கிறோம், அதனால் அந்த இடத்தை மறைக்கிறார்கள்.

இன்னொன்று, ‘நாங்கள்’. அடக்கத்தில் நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் ‘செய்தோம்’, ‘சார் சொன்னார், செய்தோம்’ என்றே சொல்வார்கள். எழுதுகிறவருக்கு அதில் யார் என்ன செய்தார் என்று பிரிக்க முடியாது. நண்பர்கள் உதவினால் அதைச் சொல்லட்டும், கூடவே தன் கையால் செய்தது எது என்பதையும் சொல்லட்டும். அது தற்பெருமை ஆகாது.

கடையில் பில் போடுவதைச் சொல்லக்கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் பல சேர்ந்து பயன்படுத்தும் காமன் ஆப் விண்ணப்பத்தில் செயல்பாடுகள் பகுதியில் குடும்பப் பொறுப்பு என்றே ஒரு வகை இருக்கிறது, சம்பள வேலை என்றும் ஒன்று இருக்கிறது. விண்ணப்பத்தில் இதை எழுதாமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை, இன்டர்வியூவில் சொல்லட்டும். தீபாவளிக்கு முந்தின வாரக் கூட்டத்தில் ஜிஎஸ்டி பில் தப்பாகப் போட்டு, வாடிக்கையாளரை மறுபடி கூப்பிட்டுத் திருத்திய கதை ஏதாவது இருந்தால், எந்த ஒலிம்பியாட் சான்றிதழையும்விட அது அவளைக் காட்டும்.

அறுபது பதில்களுக்குப் பதிலாக ஆறு அட்டைகள் எழுதச் சொல்லுங்கள். கிணறு ஒன்று, கடை ஒன்று, பிடித்த பாடம் ஒன்று, சமீபத்தில் படித்ததோ பார்த்ததோ ஒன்று, சொதப்பிய ஒரு காரியம், எந்தப் பயனும் இல்லாமல் சும்மா பிடித்துச் செய்யும் ஒன்று. ஒவ்வொரு அட்டையிலும் ஐந்தே குறிப்புகள்: எப்படித் தொடங்கியது, என் கையால் செய்தது, ஒரு எண், எங்கே தப்பாயிற்று, இன்னும் புரியாதது எது. முழு வாக்கியம் எழுதக்கூடாது. வாக்கியம் எழுதினால் உடனே மனப்பாடம் வந்துவிடும். வழக்கமாகக் கேட்கப்படும் எல்லாக் கேள்விகளும், உன்னைப் பற்றிச் சொல், ஒரு சிரமத்தைச் சொல், உன் ஊரைப் பற்றிச் சொல், எதில் ஆர்வம், இந்த ஆறில் ஏதாவது ஒன்றில் போய் முட்டும். மனப்பாடத்தில் இருக்கும் ஆபத்து கேள்வி சற்றே மாறி வரும்போது தெரியும். ‘உன் பலம் என்ன’வுக்கு பதில் படித்தவளிடம் ‘உன் தோழி உன்னைப் பற்றி என்ன குறை சொல்வாள்’ என்றால் நூல் அறுந்துவிடும். கண் மேலே போகும், முகம் வெளிறும். கேட்கிறவருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும்.

ஆங்கிலத் தடுமாற்றத்துக்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் ஆறு அட்டைகளையும் பாட்டிக்கோ பக்கத்து வீட்டு அக்காவுக்கோ தமிழில் சொல்லட்டும். அவர்கள் நடுவில் ‘அப்படீன்னா என்ன?’, ‘ஏன்?’ என்று குறுக்கே கேட்க வேண்டும், மூன்று தடவையாவது. தமிழில் தெளிவாகச் சொல்ல வராதது ஆங்கிலத்தில் நிச்சயம் வராது. அந்தத் திணறலுக்கு மொழிமேல் பழி போட முடியாது, விஷயமே இன்னும் தெளியவில்லை என்று அர்த்தம். அதன்பின் அதையே ஆங்கிலத்தில் போனில் பதிவு செய்து கேட்கட்டும். ஒரு பதில் 60 முதல் 90 விநாடி. நிதானமாகப் பேசினால் 90 விநாடியில் ஏறக்குறைய 200 சொற்கள் வரும், அதற்குமேல் போனால் எதிராளிக்குக் கவனம் சிதறும். பெரிய சொற்கள் வேண்டாம். கேள்வி புரியாவிட்டால் ‘இன்னொரு தடவை சொல்ல முடியுமா’ என்று கேட்கலாம். மூன்று நான்கு விநாடி யோசித்துவிட்டுப் பேசலாம். கேட்கிறவருக்கு அந்த மௌனம் நீளமாகத் தெரியாது, பேசுகிறவளுக்கு மட்டும்தான் யுகமாகத் தோன்றும். வேகமாகப் பேசினால் நல்ல ஆங்கிலம் என்று நினைக்கும் பழக்கம்தான் உச்சரிப்பைவிட அதிகம் கெடுக்கிறது.

பெயரையும் கவனியுங்கள். நம் பிள்ளைகளுக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டிலும் விண்ணப்பத்திலும் கடைசிப் பெயர் கட்டத்தில் பெரும்பாலும் அப்பா பெயர் போயிருக்கும். முன்னாள் மாணவர் ஜூமைத் திறந்ததும் ‘மிஸ்’ போட்டு உங்கள் கணவர் பெயரைச் சொல்லி அழைப்பார். அவள் திகைத்து, அடுத்த இரண்டு நிமிடம் அதிலேயே போய்விடும். தொடக்கத்திலேயே சிரித்துக்கொண்டு ஒரு வரி சொல்லட்டும்: ‘அது என் அப்பா பெயர். எங்கள் ஊரில் இப்படித்தான் பெயர் வைப்போம். என்னை இப்படிக் கூப்பிடுங்கள்.’ நல்ல தொடக்கமாகவும் அமையும். அவளுடைய பெயரை அவர் தப்பாக உச்சரித்தால் ஒருமுறை மெதுவாகச் சொல்லிக் காட்டலாம். கூடவே ஜூமில் காட்டும் பெயரையும் பாருங்கள். அப்பாவின் கணக்கில் நுழைந்தால் திரையில் அவருடைய பெயரோ போன் மாடலோ கடைப் பெயரோ நிற்கும்.

‘எங்கள் பல்கலைக்கழகம் ஏன்’ என்ற கேள்வி அநேகமாக வரும். உலகத் தரம், ரேங்க்கிங், நோபல் பரிசாளர்கள் எதுவும் உதவாது, அவை அவருக்கும் தெரியும். எந்தப் பல்கலைக்கழகம் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஒவ்வொன்றிலும் அதற்கே உரியது ஒன்று இருக்கும். எம்ஐடியில் இளநிலை மாணவர்களே ஆய்வகங்களில் வேலை செய்ய யுராப் என்ற திட்டம் 1969 முதல் நடக்கிறது. பிரின்ஸ்டனில் கிட்டத்தட்ட எல்லா மாணவர்களும் கடைசி ஆண்டில் சொந்தமாக ஒரு ஆய்வேடு எழுத வேண்டும். யேலில் மாணவர்கள் ரெசிடென்ஷியல் காலேஜ் எனப்படும் 14 தங்கும் சமூகங்களாகப் பிரிந்து வாழ்கிறார்கள். இப்படி ஒன்றை எடுத்து, தன் அட்டையோடு முடிச்சுப் போட வேண்டும். ‘கிணற்றில் எனக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்று இருக்கிறது, அதை ஒரு ஆய்வகத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும்’ என்றால் போதும், காரணம் விளங்கிவிடும். துறையின் வலைப்பக்கத்தில் முதலாண்டுப் பாடங்களையும் ஒன்றிரண்டு ஆய்வகங்களையும் ஒரு மணி நேரம் படித்தால் இது கிடைக்கும். பேராசிரியர் பெயர்ப் பட்டியலை ஒப்பிக்க வேண்டாம். முன்னாள் மாணவர் வேறு துறைக்காரராக இருக்கலாம், அந்தப் பெயர்கள் அவருக்கே தெரியாது.

கடைசிப் பத்து நிமிடத்தில் ‘என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமா’ என்பார். ‘ஒன்றுமில்லை சார்’ என்று முடித்துவிடுவது நம்மவர்களின் பழக்கம். மரியாதை என்று நினைத்துச் சொல்கிறோம், அவருக்கு அது ஆர்வமின்மையாகப் படும். மூன்று கேள்விகள் கையில் இருக்கட்டும். வலைத்தளத்தில் இருப்பதைக் கேட்கக்கூடாது. விடுதிச் சாப்பாடு எப்படி என்று முப்பது வருடம் முன்பு படித்தவரிடம் கேட்டுப் பயனில்லை. ‘போனபோது ஒரு துறை, முடித்தபோது வேறு துறையா?’, ‘அங்கே கற்றதில் இன்றுவரை கூட இருப்பது எது?’, ‘முதல் செமஸ்டரில் எது கஷ்டமாக இருந்தது?’ என்பது மாதிரி, அவரால் மட்டும் பதில் சொல்ல முடிந்தவை நல்லது. பதிலைக் கேட்டு அதிலிருந்து இன்னொரு கேள்வி எழுந்தால் அதுவே போதும். உதவித்தொகை பற்றி மட்டும் அவரிடம் கேட்க வேண்டாம். அது ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்தின் வேலை, அவருக்கு அதில் பங்கும் இல்லை, தகவலும் இல்லை. அவர் என்ன படித்தார், எங்கே வேலை என்று முன்கூட்டிப் பார்த்துவைப்பது சரி. அவர் குடும்பப் படங்களைத் தேடிப் பார்த்து அதைப் பேச்சில் கொண்டுவந்தால் மிரண்டுவிடுவார்.

உங்கள் கணவர் பக்கத்தில் உட்காரக்கூடாது. திரைக்கு வெளியே கூட வேண்டாம். அவர் இருப்பது மகளின் கண் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும், அவளும் அப்பாவுக்குப் பிடித்த மாதிரிப் பேசத் தொடங்குவாள். அவருக்கு வேறு பொறுப்பு கொடுங்கள். அந்தக் காலை 6 மணியிலிருந்து கரண்ட், இன்டர்நெட், வாசல் மணி மூன்றும் அவர் கையில். லேப்டாப் முழு சார்ஜில் இருக்கட்டும். கரண்ட் போனால் ரவுட்டர் அணையும் என்பதால் அதை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். போன் ஹாட்ஸ்பாட்டை அதே அறையில் அதே மணிக்கு முதல் நாள் சோதித்துப் பாருங்கள். கூடத்தில் நன்றாக எடுக்கும் சிக்னல் உள்ளறையில் எடுக்காது. முன்னாள் மாணவரின் மெயில் ஐடியைப் பேப்பரில் எழுதி மேசையில் ஒட்டுங்கள், லேப்டாப் நின்றுபோனால் போனிலிருந்து உடனே எழுதலாம். முன்னாள் மாணவர் இலவச ஜூம் கணக்கில் கூப்பிட்டால் 40 நிமிடத்தில் அழைப்பு தானாகத் துண்டிக்கப்படும். பேச்சின் நடுவே அப்படி நடந்தால் பதற வேண்டாம், அதே லிங்கிலோ அவர் அனுப்பும் புது லிங்கிலோ மறுபடி நுழையட்டும்.

லேப்டாப்பின் கீழே நான்கைந்து பாடப்புத்தகங்களை அடுக்கினால் கேமரா கண் உயரத்துக்கு வரும். விளக்கு முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கறுத்துத் தெரியும். ஃபேனைக் குறைத்து வையுங்கள், மைக்கில் காற்றிரைச்சல் ஏறும். குக்கரை 7:30 வரை அடுப்பில் ஏற்றாதீர்கள். மார்கழி என்பதால் காலை ஆறரைக்குக் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை போய்க்கொண்டிருக்கலாம். அதை நிறுத்த முடியாது. கோயிலுக்கு எதிர்ப்புற அறையில் உட்காருங்கள், ஹெட்போன் போடுங்கள், சத்தம் கேட்டால் ‘இது எங்கள் ஊர்க் கோயில், இந்த மாதம் முழுக்க இப்படித்தான்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தொடரட்டும். அவர் ஆர்வமாகிக் கேட்டால் ஐந்து நிமிடம் அதிலேயே போனாலும் நஷ்டமில்லை. உடை சாதாரணமாக, சுத்தமாக இருந்தால் சரி. கோட் வேண்டாம். பதில்களைத் திரையில் ஒட்டிவைத்துப் படிப்பதும், பக்கத்தில் ஏஐயைத் திறந்துவைப்பதும் வேண்டாம். படிக்கும் கண் இடமிருந்து வலமாக ஓடுவது கேமராவில் அப்பட்டமாகத் தெரியும்.

சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் அவள் உள்ளே இருக்கட்டும். அவர் வராவிட்டால் 15 நிமிடம் காத்திருந்து, குற்றம் சொல்லாமல் ‘நான் லிங்கில் இருக்கிறேன்’ என்று மெயில் போடலாம். இரண்டு மூன்று நாளில் பதில் இல்லையென்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதுங்கள். பேச்சில் ஏதாவது முறையற்றதாகத் தோன்றினாலும், தனியாகச் சந்திக்கக் கூப்பிட்டாலும், அங்கேதான் சொல்ல வேண்டும். புகார் சொன்னால் இடம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம், அதைக் கேட்பது அவர்கள் பொறுப்பு.

முடிந்த அன்றே நன்றி மெயில், நான்கு வரி. பேச்சில் வந்த ஒரு விஷயத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் போதும். பெட்ஷீட் வேண்டாம், எந்தப் பரிசும் வேண்டாம். தொண்டர்கள் மாணவரிடமிருந்து பொருள் வாங்கினால் அவர்களுக்கே சங்கடம், சில இடங்களில் அதற்குத் தடையும் உண்டு. முடிவு வரும்வரை லிங்க்ட்இன் அழைப்பு, வாட்ஸ்அப் பொங்கல் வாழ்த்து, ‘ஏதாவது தெரிந்ததா சார்’ எதுவும் கூடாது. முடிவு அவருக்கு முன்கூட்டித் தெரியாது. ரெகுலர் சுற்று (முன்கூட்டிய சுற்றுக்கு அடுத்த வழக்கமான சுற்று) முடிவுகள் பெரும்பாலும் மார்ச் நடுவிலிருந்து கடைசிக்குள் போர்ட்டலில் வரும். இன்டர்வியூ சுமாராகப் போனால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம். மார்க், ஆசிரியர் கடிதங்கள், கட்டுரைகள் இவற்றோடு ஒரு தாளாகத்தான் அந்த அறிக்கை கோப்பில் சேர்கிறது. பலவீனமான கோப்பை ஒரு நல்ல இன்டர்வியூ தூக்கி நிறுத்துவது அபூர்வம். நல்ல கோப்பைச் சுமாரான இன்டர்வியூ கவிழ்ப்பதும் அபூர்வம். பொய் பேசி மாட்டினாலோ மரியாதைக் குறைவாக நடந்தாலோதான் உண்மையான சேதம்.

அந்த 25,000 ரூபாய்ப் பயிற்சியில் பெரும்பாலும் நடப்பது, இன்னொரு அறுபது பதிலை இன்னும் நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பதுதான். ஆறு அட்டைக்குப் பணம் தேவையில்லை. குறுக்குக் கேள்வி கேட்க அவளுடைய பள்ளியில் அவளுக்குப் பாடம் எடுக்காத ஒரு ஆசிரியரைப் பிடியுங்கள், இரண்டு தடவை, அரை மணி நேரம் வீதம், அதுவும் காலை ஆறரைக்கு. அந்த நேரத்தில் தொண்டை திறக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். செலவு செய்தே தீர வேண்டும் என்றால் ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிப் போடுங்கள்.